பதினோராம் பக்கத்துக்கு உத்தரவு

பெரியநாயக்கன்பாளையத்து லட்சுமணசாமி தன் பம்பு கம்பெனியின் வெப்சைட்டுக்கு மேட்டர் கொடுத்தனுப்பிய லட்சணத்தைப் பார்த்திருந்தால், சுரேந்தர் கோயமுத்தூரை விட்டே ஓடிவிட நினைத்ததில் தப்பில்லை என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அதற்காக அவன் செய்ததையெல்லாம் சரி என்று சொல்லிவிட வேண்டாம். அவனும் லேசுப்பட்ட ஆள் இல்லை.

முதலில் வந்தது ஒரு மஞ்சப்பை. காந்திபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடைக்கு மேலே இருந்த சுரேந்தரின் அறைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அப்புசாமி. உருக்கி ஊற்றிய இரும்பு வார்ப்படங்களை அளந்து பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்து, இருபத்திரண்டு வருஷத்தில் மேனேஜராகிவிட்டவர். பையை மேஜையில் கவிழ்த்தார். பழைய கேட்லாக் ஒன்று. கத்தரிக்கோலால் வெட்டி, அட்டையில் பசை போட்டு ஒட்டிய பம்பு போட்டோ. புது ஷெட் திறப்பு விழாவில் எடுத்த முப்பத்தாறு போட்டோ. அதில் முப்பத்தொன்று பந்தியில் ஆட்கள் சாப்பிடுவது. கடைசியாக ஒரு ஃபிளாப்பி. அதன் நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். தகட்டை நகர்த்திப் பார்த்தால் உள்ளே இருந்த கறுப்பு வட்டிலும் சந்தனம்.

"வெள்ளிக்கிழமைங்க. புதுச் சாமானுங்களே. மொதலாளியம்மா பூசையில வெச்சுக் குடுத்தாங்க" என்றார் அப்புசாமி, பெருமையாக.

ஃபிளாப்பியைப் போட்டதும் டிரைவ் கரகரவென்று இழுத்துவிட்டு நின்றது. அன்றைக்குப் பிறகு அந்த டிரைவில் எதைப் போட்டாலும் வாசம்தான் வந்தது, ஃபைல் வரவில்லை. அப்புசாமி போன பிறகு சுரேந்தர் தனியாக உட்கார்ந்து சிரித்தான். நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது. இவர்களுக்கு இன்டர்நெட் ஒரு கேடா என்கிற சிரிப்பு.

சுரேந்தருக்கு வயது இருபத்தேழு. துடியலூர்க்காரன். எம்.சி.ஏ. படித்துவிட்டு, ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்துவிட்டது என்ற நினைப்பில், ஒரு கம்ப்யூட்டரும் மோடமும் வாங்கிப்போட்டு வெப்சைட் செய்து தருகிறேன் என்று உட்கார்ந்தவன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஒரு வேலையும் முடிந்தபாடில்லை. செய்யத் தெரியாமல் இல்லை. செய்ததை எவனும் சரி என்று சொல்லாததுதான் காரணம். ஜவுளிக்கடைக்காரர் சேலை கட்டிய பெண்ணின் படத்தைப் பதினாலு தடவை மாற்றச் சொல்லிவிட்டு, பதினைந்தாவது தடவை, "இதெல்லாம் நமக்கெதுக்குங்க, நோட்டீஸ் அடிச்சுக்கலாம்" என்றார். ஒரு பள்ளிக்கூடத்துத் தாளாளர் எல்லாப் பக்கத்திலும் தன் படம் வேண்டும் என்றார். வைத்துக் கொடுத்ததும் எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கிறதே என்றார். இந்த ஊரில் வாடிக்கையாளர் என்று ஒரு ஜாதி உண்டு, என்ன வேண்டும் என்று கடைசிவரை சொல்லாது, வேண்டாம் என்பதை மட்டும் பிரித்துப் பிரித்துச் சொல்லும் என்பது சுரேந்தரின் கண்டுபிடிப்பு.

அந்த நேரத்தில்தான் பெங்களூர் வந்தது. அங்கே ஒரு பெரிய கம்பெனியில் அவனை நேரில் பார்த்துப் பேசினார்கள். பிடித்தும்போய்விட்டது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். அவன் செய்து, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டு, நெட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வெப்சைட் ஒன்றைக் காட்ட வேண்டும். நவம்பர் பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை நாலு பேர் உட்கார்ந்து அதைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் வேலை. தொண்ணூற்றொன்பது முடிவதற்குள் பெங்களூரில் இருக்கலாம். ஜவுளிக்கடையும் பள்ளிக்கூடமும் ஊற்றிக்கொண்ட பிறகு அவன் கையில் மிச்சமிருந்தது லட்சுமணசாமி ஒருத்தர்தான்.

லட்சுமணசாமியோ ஐம்பத்தெட்டு வயதில், பேசுவதற்கே யோசிக்கிற மனிதர். நாயுடு குடும்பம். அப்பா பருத்தி போட்டார், இவர் லேத் போட்டார். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தது குதிரைத்திறனும் அங்குலமும். வெப்சைட்டில் "தலைவரின் செய்தி" என்று ஒரு பக்கம் இருந்தது. நாலு வரி சொன்னால் போதும், ஆங்கிலத்தில் தானே எழுதிக்கொள்கிறேன் என்று சுரேந்தர் கேட்டான். "சொல்லிப்போடலாமுங்க" என்றார். ஒரு வாரம் கழித்துக் கேட்டான். "சொல்லிப்போடலாமுங்க." நாற்பது நாள் இப்படியே போனது. ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறிப் பெரியநாயக்கன்பாளையம் போவான். அவர் மனைவி வெங்கடலட்சுமி, "வா கண்ணு, மொதல்ல உண்ணு" என்று இலையைப் போடுவார். சாப்பிட்டுவிட்டு, செய்தி இல்லாமல், ஏப்பம் மட்டும் விட்டுக்கொண்டு திரும்புவான்.

நாற்பத்தோராம் நாள் மத்தியானம், இன்டர்நெட் லைன் மூன்று தடவை அறுந்த கடுப்பில், காலியாகக் கிடந்த அந்தப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு பத்தியைத் தட்டிப்போட்டான். மேட்டர் வராத இடத்தை எதையாவது போட்டு நிரப்பி வைப்பது அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். எல்லாரும் அர்த்தமில்லாததைப் போடுவார்கள். இவன் அர்த்தத்தோடு போட்டான். என்ன போட்டான் என்பதைப் பின்னால் அவன் வாயாலேயே கேட்கலாம். போட்டுவிட்டு மனசு குளிர்ந்து டீ குடிக்கப் போனான். பிறகு சுத்தமாக மறந்துபோனான். எல்லாரையும் முட்டாள் என்று நினைக்கிறவனுக்குத் தன் ஞாபக மறதி மட்டும் கண்ணில் படுவதில்லை.

தீபாவளி நெருங்கியது. செய்தி வந்தாலும் வராவிட்டாலும் இனிமேல் பொறுக்க முடியாது என்று பதினான்கு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனான். கம்ப்யூட்டரில் வந்து பாருங்கள் என்று முன்பே கூப்பிட்டிருந்தான். லட்சுமணசாமி வரவில்லை. "பொட்டியில ஓடறதுல நான் எங்கீங்க கையெழுத்துப் போடறது? பேப்பர்ல குடுங்க" என்று சொல்லியிருந்தார்.

பேப்பரை வாங்கியவர் எழுத்தைப் பார்க்கவில்லை. காகிதக் கட்டை மேஜையில் தட்டி ஓரம் சரி பண்ணினார். எண்ணினார். பேனாவை எடுத்தார். சுரேந்தர் நாற்காலி நுனிக்கு வந்தான். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"கையெழுத்துப் போடறதுக்கு மின்னாடி அம்மனை ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுங்க தம்பி."

கம்பெனிக்குப் பின்னால் தோட்டத்தில் அவர்கள் குடும்பத்து அம்மன் கோயில் இருந்தது. லேத் வாங்கினாலும் ஷெட் போட்டாலும் அங்கே பூப்போட்டுக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்கமாட்டார்கள். மகன் சசிதர் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனதே வெள்ளைப் பூ வந்த பிறகுதான். வெள்ளை அரளி ஒரு பொட்டணம், சிவப்பு அரளி ஒரு பொட்டணம். இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் உத்தரவு கிடைத்தது. சிவப்பு என்றால் கிடைக்கவில்லை. எடுக்காத பொட்டணம் பிரிக்காமலே கிணற்றுக்குப் போய்விடும்.

இரண்டு வருஷத்து உழைப்பையும் பெங்களூரையும் ஒரு அரளிப் பூ முடிவு செய்யப் போகிறதா? ஜாவா ஸ்கிரிப்ட் படித்தவன் பூசாரி கையை நம்பி நிற்க வேண்டுமா? பற்றிக்கொண்டு வந்தது அவனுக்கு. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, "கேட்டுப்போடலாமுங்க சார்" என்றான்.

அடுத்ததாக லட்சுமணசாமி சொன்னதைக் கேட்டு அவன் பற்கள் தானாகப் பிரிந்தன.

"பொட்டணத்தை நீங்களே கட்டிக் குடுத்துருங்க தம்பி. ஊட்டு ஆளுக கட்டப்படாதுங்க, ஆசை கைக்கு வந்துரும். நீங்க வெளி ஆளு. எது வந்தாலும் உங்களுக்கு ஒண்ணுதானுங்களே."

அந்த மொத்தப் பெரியநாயக்கன்பாளையத்திலும் அந்தப் பூவின் மேல் அவனைவிட ஆசை வைத்த ஆள் கிடையாது. தேடிப் பிடித்து அவன் கையில் கொடுத்தார்கள். சுரேந்தர் அரளிச் செடிகளுக்கு மறைவில் போய், இரண்டு காகிதத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டினான். குற்ற உணர்வா? சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது அவனுக்கு.

பதினான்கு பக்கக் கட்டு அம்மன் காலடிக்குப் போனது. பூசாரி ஒரு பொட்டணத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. வெங்கடலட்சுமி மணியடித்தார். லட்சுமணசாமி கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் குங்குமம் வைத்து, அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பதினான்கு குங்குமம், பதினான்கு கையெழுத்து. அன்று சாயங்காலமே சுரேந்தர் வெப்சைட்டின் முகவரியைப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டான். இன்னும் நாலு நாளில் நெட்டில் இருக்கும், வாடிக்கையாளருக்குப் பூரண சம்மதம் என்று எழுதினான். எந்தத் தெய்வம் சம்மதித்தது என்று எழுதவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அப்புசாமி குங்குமக் கட்டோடு வந்து நின்றார். கையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல்.

"பேப்பர்ல இருக்கறதுதான் பொட்டியிலயும் இருக்குதான்னு பாத்துப்போட்டு, அனுப்பறதையும் கண்ணால பாத்துட்டு வரச் சொன்னாங்க மொதலாளி."

அப்புசாமிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அது அவருக்கு ஒரு இடைஞ்சலாகவே தெரியவில்லை. வார்ப்படத்துக்கு என்ன இங்கிலீஷ் தெரியும்? வரைபடத்தில் இருப்பது இரும்பில் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதா? காகிதத்தில் ஒரு வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, எழுத்து எழுத்தாக விரலை நகர்த்தி, நிமிர்ந்து திரையைப் பார்த்து, மறுபடி குனிந்தார். பக்கத்துக்குப் பத்து நிமிஷம். சுரேந்தர் ஜன்னல் வழியாக டவுன் பஸ்களை எண்ணிக்கொண்டு, இப்படியும் ஒரு பிறவியா என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

பதினோராம் பக்கம் திரையில் வந்தது. போகிற போக்கில் அதைப் பார்த்தவனுக்கு, நாற்பத்தோராம் நாள் தட்டிப்போட்ட பத்தி அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்புசாமி அண்ணா, இந்தப் பக்கம் வேண்டாமுங்க. இதுல ஒரு சின்னத் தப்பு இருக்குது. நான் மாத்திட்டுக் கூப்பிடறேன்."

அப்புசாமி மூலையில் இருந்த குங்குமத்தைக் காட்டினார். "அம்மன் பாத்த பேப்பருங்க."

"எழுத்துத்தானுங்க. நாலு வரி."

"ஒரு எழுத்தும் மாத்தப்படாதுங்க. பாத்துட்டுத்தானுங்களே உத்தரவு குடுத்திருக்குது?"

அவர் விரல் அந்தப் பத்தியின் மேல் நிதானமாக ஊர்ந்தது. அவரைப் பற்றியே அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, "செரியா இருக்குதுங்க" என்று டிக் போட்டார். பிறகு நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

நெட்டில் ஏற்றுவது சுரேந்தர் கையில் இல்லை. அங்கே இடத்தைக் காசு கொடுத்து வாங்கியது சசிதர்; அமெரிக்காவில் அவனிடம்தான் கிரெடிட் கார்டு இருந்தது. சாவியும், அதாவது பாஸ்வேர்டும், அவனிடம்தான். சுரேந்தர் ஃபைல்களை மெயிலில் அனுப்ப வேண்டும், சசிதர் ஏற்ற வேண்டும். அப்புசாமியின் கண்ணெதிரே பதினான்கும் போனது. அவர் படியிறங்கிய அடுத்த நிமிஷம் சுரேந்தர் பதினோராம் பக்கத்துக்குப் புதிதாக, தரம், நேர்மை, வாடிக்கையாளர் சேவை என்று யாருக்கும் பொருந்துகிற ஒரு பத்தியை எழுதி, தவறு நடந்துவிட்டது, இதைப் போடுங்கள் என்று கெஞ்சி இன்னொரு மெயில் அனுப்பினான்.

மறுநாள் பதில் வந்தது. பழைய பக்கங்களை எல்லாம் ஏற்றிவிட்டதாக சசிதர் எழுதியிருந்தான். பதினோராம் பக்கத்தைப் படித்ததாகவும், அறையில் உள்ள நண்பர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டியதாகவும், எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்ததாகவும், அப்பாவை இவ்வளவு சரியாக யாரும் பிடித்ததில்லை என்றும் எழுதியிருந்தான். ஆனால் அம்மன் உத்தரவு கொடுத்ததில் ஒரு புள்ளிகூட மாற்றக்கூடாது என்று அப்பா போனில் சொல்லிவிட்டார், அவர் வாயால் சொன்னால் மாற்றுகிறேன், வீட்டில் எதற்கு வீண் சண்டை என்று முடித்திருந்தான்.

பெற்ற மகனே சிரிக்கிறான் என்பது சுரேந்தருக்கே என்னமோ மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம்தான். பிறகு பதினைந்தாம் தேதி ஞாபகம் வந்துவிட்டது. பெங்களூரில் நாலு பேர், பக்கம் பக்கமாக. சாப்பாடு போட்ட வாடிக்கையாளரை அவருடைய வெப்சைட்டிலேயே காறித் துப்பியிருப்பவனை எந்தக் கம்பெனி எடுக்கும்?

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை பஸ் ஏறினான். துடியலூர் வந்தது, அவன் வீட்டு ஸ்டாப்பும் போனது, பொய்யாக எதைச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனான். எப்படியும் முட்டாள்கள்தானே, ஏதாவது சொன்னால் நம்பிவிடுவார்கள்.

அலுவலகத்தில் லட்சுமணசாமியும் அப்புசாமியும் இருந்தார்கள். தீபாவளிப் பலகாரம் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு வெங்கடலட்சுமியும் வந்து நின்றார்.

"சார், பதினோராம் பக்கத்துல டெக்னிக்கல் பிராப்ளம். அதை மாத்தாட்டி மத்த பக்கமெல்லாம் நின்னு போயிருமுங்க."

"நின்னா நிக்கட்டுமுங்க தம்பி. அம்மன் உத்தரவு."

"கம்பெனிக்குக் கெட்ட பேரு வந்துருமுங்க சார்."

"வந்தா வரட்டுமுங்க. உத்தரவு குடுத்தது அதுதானுங்களே? அது பாத்துக்கும்."

இப்படி அரைமணி நேரம். அந்த மரியாதை அவனை மூச்சுத் திணற வைத்தது. ஒரு தடவை கத்தியிருந்தால்கூடத் திருப்பிக் கத்தியிருக்கலாம். கடைசியில், வேறு எந்த வாசலும் இல்லாமல், உண்மை வெளியே வந்து விழுந்தது.

"சார், அம்மன் உத்தரவே குடுக்கலீங்க. ரெண்டு பொட்டணத்துலயும் நான் வெள்ளைதான் வெச்சேன்."

அப்புசாமி உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். லட்சுமணசாமி மனைவியைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ கேட்டார். அவரும் தெலுங்கில் ஒரு வார்த்தை சொன்னார். சுரேந்தருக்குப் புரியவில்லை. தன்னைத் திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். தனக்குப் புரியாதது எல்லாமே தன்னைப் பற்றியது என்று நினைப்பது அவன் சுபாவம்.

"அவ்வளவு அவசரமா மாத்தோணும்னா, அந்தப் பக்கத்துல என்னதானுங்க இருக்குது?" என்று கேட்டார் லட்சுமணசாமி. "படிங்க. தமிழ்ல."

குங்குமக் கட்டிலிருந்து அப்புசாமி பதினோராம் பக்கத்தை உருவி நீட்டினார். மாற்றிப் படித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சசிதரைப் போனில் கேட்டால் போச்சு. படித்தான்.

"தலைவரின் செய்தி. எங்க தலைவருக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க." நிறுத்தினான்.

"ம்."

"நாப்பது நாளா கேட்டாச்சு. இவரு பம்பு முன்னூறு அடி ஆழத்துல இருந்து தண்ணி எடுக்குமுங்க. ஆனா இவரு கிட்ட இருந்து ஒரு வாக்கியத்தை எடுக்க உலகத்துல எந்தப் பம்பும் இல்லீங்க."

ஆங்கிலத்தில் எழுதியபோது அது கத்தி மாதிரி இருந்தது. தமிழில் ஒவ்வொன்றுக்கும் 'ங்க' போட்டு, அவர் முகத்துக்கு நேராகச் சொல்லும்போது நாற்றமடித்தது. வியர்வை வழிந்து காகிதத்தில் குங்குமம் கரைந்தது.

"அப்புறமுங்க?"

"இவருக்குப் பதிலா பேசறது இவரு சம்சாரமுங்க. யோசிக்கறது இவரு மேனேஜருங்க. அந்த மேனேஜருக்கும் தலைக்குள்ள வார்ப்பு மண்ணுதானுங்க. இவரு சொந்தமா என்ன செய்யறாருன்னு நாங்க இன்னும் தேடிட்டு இருக்கோமுங்க. தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு எழுதுங்க."

அப்புசாமி தான் டிக் போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து எழுத்தாகத் தன் விரல் போன இடம்.

"அவ்வளவுதானுங்களா?" என்றார் லட்சுமணசாமி.

"அவ்வளவுதானுங்க."

"சசி படிச்சானுங்களா இதை?"

பொய் சொல்ல ஒரே ஒரு நல்ல சந்தர்ப்பம் அந்த நாளில் கிடைத்தது என்றால் அது இதுதான். உலகத்தில் உள்ள அத்தனை பொய்யையும் சொல்லத் தெரிந்தவன், சொல்ல வேண்டிய அந்த ஒரு பொய்யைச் சொல்லாமல், "படிச்சாருங்க. ரொம்ப சிரிச்சேன்னு எழுதியிருந்தாருங்க" என்றான்.

லட்சுமணசாமி எழுந்து ஜன்னலுக்குப் போய், திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

"சார், ஒரு போன் போட்டு சசிதர்கிட்டச் சொல்லிருங்க. ஒரு நிமிஷ வேலைங்க. எம்பட வாழ்க்கையே இதுலதானுங்க இருக்குது. திங்கக்கிழமை பெங்களூர்ல இதைப் பாக்கறாங்க." பெங்களூர் விஷயத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னான். அவன் அவசரமெல்லாம் அவனுக்காகத்தான் என்பதும் அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

"நீங்க ரெண்டுலயும் வெள்ளை வெச்சீங்கன்னா, அம்மனை இன்னும் கேக்கவே இல்லீன்னு அர்த்தமுங்க" என்றார் லட்சுமணசாமி மெதுவாக. "இப்பக் கேட்டுப்போடலாம். என்னையப் பத்தி எழுதுனதை நானே எடுக்கச் சொன்னா, எனக்காக எடுத்ததா ஆயிருமுங்க. எடுக்கலாமா வேண்டாமான்னு அதே சொல்லட்டும். வெள்ளை வந்தா இப்பவே சசிக்குப் போன் போட்டர்றேன்."

"சிவப்பு வந்தாங்க?"

"இருக்கோணும்னு அர்த்தமுங்க."

இந்தத் தடவை பொட்டணம் கட்டச் சொன்னது அப்புசாமியை. தலைக்குள் வார்ப்பு மண் என்று இப்போதுதான் காதில் வாங்கிய அப்புசாமியை. அவர் அரளிச் செடிகளுக்கு மறைவில் போனார். சுரேந்தர் அவர் முதுகையே பார்த்தான். அதே செடி, அதே மறைவு. அங்கே என்ன செய்யலாம் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

பூசாரி இரண்டு பொட்டணத்தையும் காலடியில் வைத்தார். கர்ப்பூரம் எரிந்தது. சுரேந்தர் ஒரு சங்கதியைக் கவனித்தான். அவன் கை இரண்டும் கூப்பியிருந்தது. யாரும் சொல்லவில்லை. உதடும் அசைந்துகொண்டிருந்தது. வெள்ளை, தாயே, வெள்ளை. போன தடவை இதே இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றவன், இப்போது வேண்டிக்கொண்டிருந்தான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை இறக்கவில்லை.

பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தார்.

சிவப்பு.

லட்சுமணசாமி அந்தப் பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்றார், அவ்வளவுதான். குரலில் கோபமும் இல்லை, திருப்தியும் இல்லை. தன்னைப் பற்றிய அந்தப் பத்தியை மேலிடத்தில் கேட்டு உறுதி செய்துகொண்ட மனிதரைப் போலத் தலையை ஆட்டினார்.

சுரேந்தருக்கு எல்லாம் போனது. பெங்களூர் போனது, இரண்டு வருஷம் போனது. பூசாரி மற்ற பொட்டணத்தைக் கிணற்றில் போட எடுத்ததைப் பார்த்ததும் அவனுக்குள் ஏதோ அறுந்தது. பாய்ந்து போய் அதைப் பிடுங்கினான்.

"ஐயோ, அதைப் பிரிக்கப்படாதுங்க!" என்றார் பூசாரி.

"தெரியுமுங்க எனக்கு! இதுலயும் சிவப்புதானுங்க இருக்கும்! மனசுல வெச்சுக்கிட்டு ரெண்டுலயும் சிவப்பையே கட்டியிருக்காரு இந்த ஆளு!"

கத்திக்கொண்டே காகிதத்தைக் கிழித்தான். நூல் லேசில் அறுபடவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். பூக்கள் அவன் கையிலிருந்து கோயில் தரையில் கொட்டின.

வெள்ளை.

நாலைந்து வெள்ளை அரளி, வாடாமல், நல்ல பூவாகப் பார்த்துப் பறித்தவை. அப்புசாமி ஒழுங்காகத்தான் கட்டியிருந்தார். குனிந்து தரையில் கிடந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். லட்சுமணசாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார், ஒரு மனிதன் இருக்கிற இருப்பைப் பார்க்கக் கூசியவர் மாதிரி.

வெங்கடலட்சுமி மட்டும் சுரேந்தரை நேராகப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, நாங்களும் உன்னையாட்டவே இருப்போம்னு நெனச்சுப்போட்டியா?"

கோபமே இல்லாமல்தான் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றார்.